முடித்த ஆண்டு என்றொரு கட்டம்

1. வியாழக்கிழமை வந்த போன்

போன் வந்தபோது நான் கைப்பையைக்கூட மேஜையில் வைக்கவில்லை. வியாழக்கிழமை, காலை ஒன்பதரை. திருவனந்தபுரத்தில் எங்கள் பிள்ளைகளை வருடா வருடம் போஸ்டிங்குக்கு எடுத்துக்கொள்ளும் ஓர் ஆஸ்பத்திரியின் ஹெச்.ஆர். மேனேஜர் பேசினார்.

"மேடம், தப்பா ஒண்ணும் தோணக்கூடாது. இந்தத் தடவ ஸ்டூடண்ட்ஸ எடுக்க முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் வருது. வெளியாளு ஆரும் உள்ள வேண்டாம்னு மேல இருந்து சொல்லிட்டாங்க."

"ஒருத்தரையுமா?"

"ஒருத்தரையும் இல்ல மேடம். அடுத்த வருஷம் பாக்கலாம்."

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எம்.ஹெச்.ஏ. என்பது டாக்டர் படிப்பு இல்லை, ஆஸ்பத்திரியை நடத்துகிற படிப்பு. ஓ.பி.யில் ஏன் இவ்வளவு கூட்டம், கட்டில் காலியாகியும் அடுத்த நோயாளிக்கு ஏன் கிடைக்கவில்லை, இன்சூரன்ஸ் பேப்பர் எந்த மேஜையில் தூங்குகிறது என்றெல்லாம் பார்த்துச் சரிசெய்கிறவர்களை உருவாக்கும் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் அந்த கோர்ஸின் ஆபீஸை நான் பதினைந்து வருடம் பார்த்தேன். அதற்கு முன் அதே ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.டி.யில் இருந்தேன். நோயாளிகளின் ஃபைல்கள் போய்ச் சேரும் பிரிவு அது. "உனக்கு மனுசன விட ஃபைலுதான் பெருசு" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அப்போது கோபம் வரும். இப்போது வருவதில்லை.

கடைசி செமஸ்டரில் இரண்டு மாதம் வேறோர் ஆஸ்பத்திரியில் போஸ்டிங் செய்ய வேண்டும். சொந்த ஆஸ்பத்திரி கூடாது, நூறு கட்டிலுக்குக் குறையக் கூடாது. போஸ்டிங் சர்டிஃபிகேட் இல்லையென்றால் பரீட்சை ஃபார்மைப் பல்கலைக்கழகம் வாங்காது. அந்த வருடம் பதினான்கு பேர் இருந்தார்கள். தொடங்க வேண்டிய தேதிக்கு இன்னும் பதினொரு நாள்தான்.

பதின்மூன்று பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு எந்த ஊருக்கும் போகக்கூடியவர்கள். பகவதியால் முடியாது. தோவாளைக்காரி, எட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, படிப்பு விடுப்பு எடுத்து வந்தவள். வீட்டுக்காரர் பூ வியாபாரி, விடியும் முன் சந்தையில் நிற்க வேண்டியவர். கையில் எட்டு மாதக் குழந்தை. திருவனந்தபுரமென்றால் ரயிலில் போய் ரயிலில் திரும்பிவிடலாம் என்று நம்பியிருந்தாள். விடுப்பு அந்தப் பரீட்சையோடு முடிகிறது. இரண்டாம் தடவை தரமாட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னாலும் போறேன் மேடம். எந்த வேல தந்தாலும் செய்யேன். ராத்திரி பிள்ளகிட்ட வந்துரணும், அது மட்டுந்தான். இல்லன்னா இத விட்டுட்டு வார்டுக்கே போயிருவேன். நமக்கு இவ்வளவுதான்னு வச்சுக்கிட வேண்டியதுதான்."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். அவள் முடிவே எடுத்துவிட்டவள் போலப் பேசினாள். நாகர்கோவிலைச் சுற்றி மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அன்றைக்கே போன் செய்தேன். மூன்றிலும் வேறு கல்லூரிப் பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

2. கட்டைவிரல்கள்

எங்களுக்கு முன்னாள் மாணவர் சங்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், குரூப் போட்டோ எடுப்பார்கள். வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். அதில் எழுதினேன்: "பதினான்கு மாணவர்களுக்கு அவசரமாகப் போஸ்டிங் இடம் தேவை. உதவக்கூடியவர்கள் தெரிவிக்கவும்."

மதியத்துக்குள் கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. கும்பிடும் கைகள் வந்தன. "கர்த்தர் வழிநடத்துவார்" என்று ஒருவர், "வேதனையான செய்தி" என்று இன்னொருவர். ஒருவர் காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்பியிருந்தார். துபாயில் இருக்கும் ஒரு பையன் நேரே கூப்பிட்டான்.

"எவ்வளவு வேணும்னு சொல்லுங்க மேடம், இன்னைக்கே போட்டு விடுதேன்."

"பணம் வேண்டாம் மக்கா. இடம் வேணும்."

"அது இங்க இருந்து நான் என்ன செய்ய மேடம்?"

அவனைக் குறை சொல்லவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறான். ஆனால் அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பணம் கொடுப்பது எளிது. ஓர் அந்நியப் பிள்ளையைத் தன் ஆஸ்பத்திரிக்குள் இரண்டு மாதம் விட்டு, பில்லிங்கில் எங்கே தப்பு வருகிறது, எந்த வார்டில் இன்ஃபெக்‌ஷன் கூடுகிறது என்று மறைக்காமல் காட்டுவது எளிதில்லை. அதற்கு மேலிடத்தில் போய்க் கேட்க வேண்டும், நாளைக்கு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டும். கட்டைவிரலைத் தூக்குவதோடு நின்றுவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிளார்க் தாணு அண்ணாச்சிதான் வழி சொன்னார். சுசீந்திரத்துக்காரர். என்னைவிட மூத்தவர் என்றாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"மேடம், எல்லாருமாச் சேந்து திருவிழாவ நடத்துங்கன்னு சொன்னா ஒருத்தனும் நடத்தமாட்டான். மூணாந் திருவிழா உனக்கு, அஞ்சாந் திருவிழா அவனுக்குன்னு பிரிச்சுக் குடுத்துப் பாருங்க. கடன வாங்கியாவது நடத்துவான். அதாக்கும் மண்டகப்படி."

"இதுக்கும் அதுக்கும் என்ன அண்ணாச்சி?"

"அதே ஆளுகதான மேடம்?"

சர்ச் திருவிழா நோட்டீஸிலும் இதே கதைதான். ஒவ்வொரு நாளுக்கும் கீழே "சிறப்பிப்போர்" என்று ஓர் அன்பியத்தின், அதாவது தெருவாரிக் குடும்பக் குழுவின், பெயரோ சங்கத்தின் பெயரோ இருக்கும். பெயர் அச்சில் ஏறிவிட்டால் அந்த நாளைச் சும்மா விட்டவர்களை நான் பார்த்ததில்லை. பதினான்கு பிள்ளைகள், எங்களிடம் படிப்பை முடித்த பேட்ச்கள் பதினான்கு. அண்ணாச்சி உட்கார்ந்து திருவிழா நோட்டீஸ் மாதிரியே மஞ்சள் பின்னணியில் அடித்தார். ஒன்றாம் பேட்ச்சுக்கு ஒரு பெயர், இரண்டாம் பேட்ச்சுக்கு ஒரு பெயர் என்று போய், ஒன்பதாம் பேட்ச்சுக்கு நேரே பகவதி வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே "போஸ்டிங் சிறப்பிப்போர்" என்று தலைப்பு.

கல்லூரி டைரக்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நான் குரூப்பில் போட்டுவிட்டேன்.

3. ஒன்பதாம் பேட்ச்

அன்று சாயங்காலமே போன் தொடங்கியது. "எங்க பிள்ளைக்கு மதுரைல சொல்லியாச்சு மேடம்." "எங்க பையன் கோயம்புத்தூர் வரட்டும், எங்க வீட்டு மாடிலயே தங்கிக்கிடலாம்." ஆறாம் பேட்ச் முடித்துவிட்டது, நாங்கள் இன்னும் முடிக்கவில்லையே என்று ஏழாம் பேட்ச்சுக்கு ஆத்திரம். துபாய்ப் பையன் தன்னோடு படித்து இப்போது பெங்களூரில் இருப்பவனை மூன்று நாள் விடாமல் நச்சரித்து ஓர் இடம் பிடித்தான். திங்கட்கிழமைக்குள் பதின்மூன்று பிள்ளைகளுக்கு இடம் ஆகிவிட்டது.

பகவதி மட்டும் பாக்கி. ஒன்பதாம் பேட்ச்சின் ஷைனி சென்னையில் இருந்து கூப்பிட்டாள். வாயில் பூட்டுப் போடாத பெண்.

"மேடம், பகவதிய எங்களுக்குத் தந்திருக்கியளே. நாங்க எல்லாரும் சென்னை, பெங்களூர், மஸ்கட். ஊர்ல இருக்கது ஒரே ஒருத்தன். அவனத்தான் நீங்க குரூப்ல இருந்து தூக்கிட்டியளே."

"யாரை?"

"ஜெபராஜை. கருங்கல்ல ஒரு ஆஸ்பத்திரில இருக்கானே, அவன்."

எனக்கு நினைவு வந்தது. இரண்டு வருடம் முன்பு குரூப்பைச் சுத்தம் செய்தேன். பட்டமளிப்பு ரெஜிஸ்டரை ஒரு பக்கம் வைத்து, அதில் இல்லாத எண்களையெல்லாம் நீக்கினேன். வழி தவறி வந்தவர்கள், லோன் விற்கிறவர்கள், ஒரு பாத்திரக் கடைக்காரர். அந்த வரிசையில் ஜெபராஜ். படிப்பை முடிக்காதவன் முன்னாள் மாணவன் இல்லை என்பது சங்கத்தின் பை-லா. பேட்ச்காரர்கள் பிரியப்பட்டுச் சேர்த்திருந்ததை ஒரு விரலால் எடுத்துவிட்டேன். "வனஜா மேடம் நீக்கினார்" என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

"நாலு வருஷமா நம்ம ஜூனியர் பிள்ளைங்க புராஜெக்ட் டேட்டா எடுக்கப் போறது அவன்கிட்டதான மேடம்? உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஷைனி.

எனக்குத் தெரியாது. பீரோவைத் திறந்து பழைய புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை எடுத்தேன். சர்டிஃபிகேட்டில் அந்த ஆஸ்பத்திரியின் எம்.எஸ்., அதாவது மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட், கையெழுத்துப் போட்டிருந்தார். அடுத்த பக்கம் நன்றியுரை. "எங்களுக்கு எல்லாம் சொல்லித் தந்த ஜெபராஜ் அண்ணனுக்கு" என்று ஒன்பது ரிப்போர்ட்டுகளில் இருந்தது. அத்தனையும் என் மேஜை வழியாகப் போனவை. இடது பக்க மார்ஜின் ஒன்றரை இஞ்ச் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். நன்றியுரையை ஒன்றில்கூட வாசித்ததில்லை.

அந்த எம்.எஸ்.ஸுக்கே போன் போட்டேன். ஜெபராஜிடம் பேசாமலே முடித்துவிடலாம் என்ற எண்ணம்தான், மறைக்க என்ன இருக்கிறது. அவர் சிரித்தார்.

"அதெல்லாம் ஜெபராஜ் பாக்க காரியமாக்கும் மேடம். அவன் சரின்னா எனக்கும் சரி."

4. நான்கு நாள்

ஜெபராஜ் பரீட்சை எழுத விடாமல் நிறுத்தப்பட்டது வருகைக் குறைவால். கடைசி செமஸ்டரில் நான்கு நாள் குறைந்தது. ஃபார்மோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. சட்டை கசங்கியிருந்தது, முகம் சவரம் செய்யாமல் இருந்தது. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

"அப்பாக்கு முடியல மேடம். மேல, மூணாவது மாடி வார்டுல இருக்காரு. நானும் அம்மையுந்தான் பைஸ்டாண்டர். தெனமும் நான் இந்த பில்டிங்லதான் மேடம் இருந்தேன்."

"வார்டுல இருந்தா க்ளாஸ்ல இருந்த மாதிரி ஆகுமா? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் ஜெபராஜ். அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட எழுது."

நோயாளிக்குத் துணையாக நிற்பவரை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்போம். மாணவனுக்கே நோய் என்றால் மன்னிப்பு உண்டு, பைஸ்டாண்டராக இருந்ததற்கு விதியில் இடமில்லை. ஆனால் டைரக்டருக்கு ஒரு நோட் போட எனக்கு அதிகாரம் இருந்தது. போடவில்லை. ஒருவனுக்குப் போட்டால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பையன் அடுத்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. ரெஜிஸ்டரில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன், அத்தோடு என் வேலை முடிந்தது.

5. கருங்கல்

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். அன்று சந்தை போலிருக்கிறது, கருங்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடக்கவே இடமில்லை. போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். போஸ்டிங் விதிகளின் நகல் ஒன்றைப் பையில் வைத்திருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை, கை பழக்கம்.

வரவேற்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. அன்று வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் கட்டில் எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே ஃபைல் எங்கே இருக்கிறது, வார்டிலா, ஃபார்மசியிலா, பில்லிங்கிலா, எத்தனை மணிக்கு அங்கே வந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒரு பைஸ்டாண்டர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணிக்கூருதான், ஆட்டோவ வரச் சொல்லு" என்று யாருக்கோ போனில் சொன்னார். இருபது வருடம் ஃபைல்களோடு இருந்த எனக்கு இப்படி ஒன்று தோன்றியதில்லை.

ஜெபராஜ் படியிறங்கி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, ஆப்பரேஷன்ஸ் மேனேஜர். காதோரம் நரை.

"வாங்க மேடம். ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பியிருப்பேனே. சாயா குடிக்கியளா?"

நான் பலகையைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணுன அன்னைக்கு, காலைல ஒம்பது மணிக்கு டாக்டர் வந்து வீட்டுக்குப் போலாம்னாரு. நாங்க கீழ எறங்கும்போ சாயங்காலம் அஞ்சு. ஃபைல் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. அப்பா சக்கர நாற்காலில உக்காந்தே இருந்தாரு. அந்த வருஷமே தவறிட்டாரு. இங்க வேலைல சேந்ததும் மொதல்ல செய்தது இதுதான்."

சாயா வந்தது. பகவதியின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அவரிடமிருந்து முதலில் வந்த கேள்வி இதுதான்:

"பிள்ளைக்கு எத்தன மாசம்?"

"எட்டு."

"தோவாளைல இருந்துன்னா ரெண்டு பஸ் மாறணும். அவங்க ஒம்பதரைக்கு வரட்டும் மேடம், நாலு மணிக்கு எறங்கட்டும். கொறையத நான் சனிக்கிழமைல சரிக்கட்டுதேன். லேடீஸ் ஸ்டாஃபுக்கு ஒரு ரூம் உண்டு. என்னைக்காவது பிள்ளையத் தூக்கிட்டு வந்தாலும் ஒண்ணும் இல்ல."

"கையெழுத்து?"

"எம்.எஸ். போடுவாரு. எனக்கு போட ஒக்காதுல்லா? டிகிரி இல்ல." சாதாரணமாகத்தான் சொன்னார்.

வேலை முடிந்துவிட்டது. எழுந்து வந்திருக்கலாம். காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"ஜெபராஜ், அன்னைக்கு நான் டைரக்டருக்கு ஒரு நோட் போட்டிருக்கலாம். போடல. தப்பு என்மேலதான்."

அவர் என் கையிலிருந்த காலி கிளாஸை வாங்கி வைத்தார். வெளியே யாரோ கட்டில் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"ரூலச் சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல மேடம். நானும் இப்ப தெனமும் யாருக்காவது ரூல் சொல்லிட்டுத்தான இருக்கேன். அப்பா எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். மேல மூணாவது மாடிதான. அதுமட்டும் மறக்கல, ஓர்மை இருக்கு."

பிறகு அவரே பேச்சை மாற்றி, "குரூப்ல இருந்து தூக்குனதுக்கு ஷைனிதான் ரெம்ப சண்ட போட்டா" என்று சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் முதல் வேலையாக அவரைக் குரூப்பில் சேர்த்தேன். விதிகளின் நகல் பையிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு. இத்தனை வயதில் வெட்கப்படுவது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, ஆனால் நாகர்கோவில் வரைக்கும் வெட்கப்பட்டேன்.

6. கையெழுத்துத் தாள்

பகவதி ஒருநாள்கூட விடாமல் போனாள். இரண்டு தடவை குழந்தையும் போனது, பில்லிங் செக்‌ஷனே தூக்கி வைத்துக்கொண்டதாம். அவள் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தபோது நான் ஸ்கேலை எடுக்கவில்லை. நன்றியுரைப் பக்கத்தை முதலில் திருப்பினேன். பரீட்சை எழுதினாள், பாஸானாள். வார்டுக்குத்தான் திரும்பினாள், ஆனால் இப்போது நான்கு வார்டுகளுக்குச் சேர்த்துப் பொறுப்பு.

அந்த வருடச் சங்கக் கூட்டத்துக்கு ஜெபராஜை வரவழைப்பதற்குள் ஷைனிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. நான் எல்லாம் சரியாகச் செய்திருந்தேன். நோட்டீஸில் ஒன்பதாம் பேட்ச்சுக்கு நேரே அவர் பெயர் அச்சாகியிருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஆனால் வாசலில் வைக்கும் கையெழுத்துத் தாளை மறந்துவிட்டேன். பல வருடம் முன்பு நானே தயாரித்த தாள். பெயர், முடித்த ஆண்டு, தற்போதைய பணி என்று மூன்று கட்டங்கள்.

பெயரை எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பின்னால் வரிசை நின்றது. மெதுவாகப் பேனாவை மூடினார்.

"நான் சாயா குடிச்சிட்டு வரேன் மேடம்" என்றார். அவர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். "முடித்த" என்பதை அடித்துவிட்டு மேலே "சேர்ந்த" என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற டைரக்டர் என் காதருகே, "மேடம், பை-லா" என்றார்.

"மாத்திரலாம் சார்."

"முன்னாடி எழுதுன முப்பது பேரு முடிச்ச வருஷத்தல்லா போட்டிருக்காங்க?" என்றார் தாணு அண்ணாச்சி.

"அவங்களையும் கூப்பிடுங்க அண்ணாச்சி. வந்து மாத்தி எழுதட்டும்."

வந்தார்கள். தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் தங்கள் வருடத்தைத் தாங்களே அடித்துவிட்டு எழுதினார்கள். தாள் முழுக்க அடித்தல் திருத்தல். என் ஆபீஸிலிருந்து அவ்வளவு அசிங்கமான ஒரு தாள் அதற்கு முன் வெளியே போனதில்லை. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நாளை நீங்கள் ஏதாவது ஓர் ஆபீஸில் உட்கார்ந்து ஒரு படிவம் தயாரிப்பீர்கள். அதில் ஒரு கட்டம் போடும்போது, அந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவோடு நிற்கப்போவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவுதான், அதற்கும் எனக்கு இத்தனை வருடம் பிடித்தது.

ஜெபராஜ் வருடத்தை எழுதி முடித்து நிமிர்ந்தார். நான் தாளை அடுத்தவர் பக்கம் நகர்த்தவில்லை.

"அம்மை சொகமா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க மேடம்" என்றார். பிறகு வரிசையை விட்டு விலகி நின்று, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று விவரமாகச் சொல்லத் தொடங்கினார்.